ரோஜாப் பாத்தியில் விழுந்த பழி

ரூபாவின் வேலை ரத்தம் எடுப்பது. மைசூரில் தேவராஜ மொஹல்லாவுக்குள் நுழையும் தெருவில் ஒரு பரிசோதனைக்கூடம். காலையிலிருந்து மாலை வரை ஊசியும் குழாயுமாக அங்கே நிற்கிறாள். பூ வியாபாரி, புரோகிதர், மூட்டை தூக்குகிறவர், கல்லூரிப் பேராசிரியர், யாராக இருந்தாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவள் முன்னால்தான் உட்கார வேண்டும். நாளெல்லாம் ஊராருடைய ரத்தத்தைத் தொடுகிற அந்தக் கையை அங்கே ஒருவரும் தீட்டு என்று சொன்னதில்லை. சொன்னது அவள் வீட்டில். அதுவும் ரோஜாச் செடிகள் வாடியதற்காக.

ரூபாவின் அப்பா ஹனூர்ப் பக்கத்திலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் மைசூரில். வீட்டில் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் தன்னை அறியாமல் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். கணவன் தருண்குமார் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் டெக்னீஷியன். மாமியார் உமாதேவி கௌதள்ளியில் பிறந்தவர். உமாதேவியின் கணவர் மேஸ்திரி. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தார், தனக்கென்று போகாதி தாண்டி ஒரு மனையை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு இறந்துபோனார். அந்த மனையில் தருண்குமார் வீடு கட்டினான். கிரகப்பிரவேசத்தன்று உமாதேவியை முன்வாசலில் நிற்க வேண்டாம் என்றார்கள். தாலி அறுத்தவள் எதிரே வரக் கூடாதாம். தன் புருஷன் வாங்கிய மண்ணில் நின்ற வீட்டுக்குள் அவர் சமையலறைக் கதவு வழியாக நுழைந்தார். நுழைந்து, பந்திக்குப் பாயசம் கிளறினார்.

அன்று சாயங்காலம் விருந்தினர் போன பிறகு, "முன்னால கொஞ்சம் மண்ணு விட்டிருக்காங்க கண்ணு. ரோஜா வெக்கலாமா?" என்று மருமகளிடம் கேட்டார். தலையில் பூ வைக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட பெண் ரோஜா கேட்கிறார் என்பது ரூபாவுக்கு உடனே உறைத்தது. மறு ஞாயிற்றுக்கிழமையே இருவரும் ரிங் ரோட்டில் பசவராஜ் என்பவரின் நர்சரிக்குப் போனார்கள்.

அந்தக் காலைப் பொழுதை என்னிடம் சொல்லும்போது ரூபாவுக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. ரூபாவின் ஆசை, தை மாசி மாதங்களில் மைசூர்ச் சாலைகளில் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்குமே, அந்த மரம். பசவராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க சைட் எவ்வளவும்மா?"

"முப்பதுக்கு நாப்பது."

"தண்ணி சம்ப் எங்க?"

"கேட்டுக்குப் பக்கத்துல."

"அப்ப மரம் தண்ணி குடிக்க வெளிய எங்கயும் போக வேண்டாம். வேர் நேரா சம்புக்குள்ளயே எறங்கிடும்" என்றார் பசவராஜ். அவர் பேசியது கன்னடம்; உமாதேவி பதில் சொன்னது தமிழ். இருவருக்கும் புரிந்தது.

"சரக்கொன்ன குடுங்க."

"அதுவும் பெருசாகும்மா. மந்தாரை வைங்க. சின்ன வீட்டுக்கு அளவான மரம். கிளையை வெட்டி விட்டா சொன்ன பேச்சு கேக்கும்."

"என்ற மருமகளாட்டவா?" என்றார் உமாதேவி.

"அத்தே, நான் எப்போ சொன்ன பேச்சு கேட்டேன்?" என்றாள் ரூபா. பசவராஜ் வாய்விட்டுச் சிரித்தார்.

மந்தாரை முடிவாயிற்று. மதில் ஓரத்துக்கு நந்தியாவட்டையை ரூபா காட்டியபோது, பால் வடிகிற செடி வாசலுக்கு ஆகாது என்று உமாதேவி தள்ளினார். அதற்குப் பதிலாக இட்லிப்பூ, அடுக்குச் செம்பருத்தி ஒன்று. பிறகு ரோஜா. பசவராஜ் வரிசையாக நிறுத்திக் காட்டினார். பெரிய பூ விடுகிற சிவப்பு ஒட்டு ரோஜா கண்ணைப் பறித்தது; வாசனை இல்லை. பன்னீர் ரோஜா இதழ் கலைந்து கிடந்தது. பக்கத்தில் போனாலே மணம். பட்டன் ரோஜா கொத்துக் கொத்தாகப் பூத்துக்கொண்டே இருக்கும். மாமியார் பன்னீரில் நின்றுவிட்டார், மருமகள் பட்டனில். கடைசியில் இரண்டிலும் வாங்கி, காலை வெயில் விழுகிற கிழக்கு மூலையில் ஒரே பாத்தியாக வைத்தார்கள். நர்சரிச் செடியின் ஒட்டு முடிச்சு மண்ணுக்குள் புதையக் கூடாது என்று பசவராஜ் சொல்லியிருந்ததை உமாதேவி ஒவ்வொரு செடிக்கும் குனிந்து சரிபார்த்தார்.

முதல் பூக்கள் அழகாக வந்தன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது, ஆனால் அது வினை என்று யாருக்கும் தெரியவில்லை.

மழைக்காலம் முடியும் தருவாயில் பன்னீர் ரோஜாவின் இலை ஓரங்கள் பழுப்பாயின, இஸ்திரிப் பெட்டி பட்டது போல. மொட்டுகள் கருகின. அடுத்துப் பட்டன் ரோஜா மஞ்சளடித்தது. மந்தாரைக்கு ஒன்றும் ஆகவில்லை, செம்பருத்தி செழித்தது. ரோஜா மட்டும் ஒவ்வொன்றாகச் செத்தது. உரம் மாற்றினார்கள், வேப்பெண்ணெய் தெளித்தார்கள். தளிர் விடுவது போல் இரண்டு நாள் போக்குக் காட்டிவிட்டு மறுபடி காய்ந்தது. உமாதேவி சரியாகச் சாப்பிடவில்லை. பாத்தி ஓரம் உட்கார்ந்து குச்சிகளைத் தடவிக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில் தருண்குமாரின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பேசுகிறார். மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் உள்ளங்கையில் ஒரு நச்சு சுரக்கிறதாம். அந்தக் கை பட்டால் பூ வாடுமாம், ஊறுகாய் கெடுமாம். நம் முன்னோர்கள் இந்த விஞ்ஞானத்தை அன்றே அறிந்துதான் பெண்களை ஒதுக்கி வைத்தார்களாம். பின்னணியில் ஒரு மைக்ரோஸ்கோப். பழைய கொடுமைக்குப் புதுச் சட்டை மாட்டிவிட்ட அந்த மனிதருக்குப் பெயர் இல்லை, எந்த மருத்துவமனை என்று இல்லை. தேவையும் இருக்கவில்லை. கோட்டு போதுமானதாக இருந்தது.

அதைப் பார்த்திருந்த உமாதேவி இரவுச் சாப்பாட்டின்போது தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"ரூபா, அந்த மூணு நாள்ல நீ ரோஜாவுக்குத் தண்ணி ஊத்துவியா?"

"ஊத்துவேன் அத்தே. தினமும் காலையில நான்தானே ஊத்தறேன்?"

"தொடுவியா?"

"காஞ்ச இலையைக் கிள்ளுவேன். எதுக்குக் கேக்கறீங்க?"

"இனிமே அந்த மூணு நாளும் நீ மாடி ரூம்ல இரு கண்ணு. தட்டு, தம்ளர், பாயி எல்லாம் அங்கேயே வெச்சர்றேன். கீழ வர வேண்டாம்."

ரூபா சிரித்தாள். மாமியார் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சே எழுந்ததில்லை. எதிரே யாரும் சிரிக்காததைப் பார்த்துக் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் செல்போனை அவள் பக்கம் நீட்டினான்.

"பாரு, சயின்ஸே சொல்லுது."

"தருண், நான் லேப்ல வேலை பாக்கறேன்."

"அதுக்கு?"

"அந்த நாள்லயும் நான்தான் எல்லாருக்கும் ரத்தம் எடுக்கறேன். என் கையில நச்சு இருந்தா இந்நேரம் பாதி மைசூர் வாடியிருக்கணும்."

"ஏன் இவ்ளோ சீன் போடறே? மூணு நாள்தானே, அட்ஜஸ்ட் மாடு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

ரூபா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். மாமியார் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், பயப்படுகிறார் என்று ஒதுக்கலாம். இவன் பல மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் எந்தக் கம்பியில் கோளாறு என்று சோதித்துச் சோதித்துக் கண்டுபிடிக்கிறவன். லிஃப்ட் நின்றதற்கு அன்று அதைத் தொட்ட பெண்ணைத் தேடுகிறவன் அல்ல. அவன் மூளை வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா? அவள் பாதிச் சோற்றோடு எழுந்தாள்.

அடுத்த முறை விலக்கானபோது அவள் மாடி ஏறினாள். ஏன் ஏறினாய் என்று கேட்டால், "அவங்க அழுதாங்க" என்கிறாள். உமாதேவி உண்மையாகவே அழுதார். செத்த செடிகளைக் காட்டி, "நீயே பாரு" என்று அழுதார்.

மாடி அறை என்பது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பழைய பெயின்ட் டப்பாக்கள் வைக்கிற இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சோற்றுத் தட்டு படிக்கட்டின் மேற்படியில் வைக்கப்படும். வைக்கிறவர் இறங்கிய பிறகு அவள் எடுத்துக்கொள்ள வேண்டும். விமான நிலையமும் ஐ.டி. பூங்காவும் உள்ள ஊரில், வை-ஃபை ஓடுகிற வீட்டில், சம்பாதிக்கிற ஒரு பெண்ணுக்குச் சோறு அப்படிப் போடப்பட்டது. வயிற்று வலி அதிகமாக இருந்ததால் வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் காற்றுக்காகக் கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து நின்றாள்.

கீழே வாசல் விளக்கு எரிந்தது. உமாதேவி ஒரு கை நிறையக் கல் உப்பை எடுத்து வீட்டைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினார். மறு கையாலும் சுற்றினார். ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக ரோஜாப் பாத்திக்குப் போனார். செடிகளின் தூரில் சாய்த்தார்.

ரூபா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை. விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் பஸ் இறங்குவாள். மாடிக்குத் துரத்தியிருக்காவிட்டால் இது அவள் கண்ணில் பட்டிருக்கவே போவதில்லை.

"அத்தே! அந்தத் தண்ணியில என்ன?"

உமாதேவி அண்ணாந்து பார்த்தார். "திருஷ்டி உப்பு. நீ எதுக்கு வெளிய வந்து எட்டிப் பாக்கறே?"

"எப்பலேர்ந்து ஊத்தறீங்க?"

"பூ வந்து ரோட்டுல போறவளெல்லாம் கண்ணு வெக்க ஆரமிச்சதுல இருந்து. செவ்வா, வெள்ளி. அமாவாசைன்னா மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பும் கலக்கிச் சுத்தி ஊத்தறேன். செடி வாட வாட உப்பக் கூட்டித்தான் போட்டேன். அப்பவும் கண்ணு கழியல, பாரு."

"ரோஜாவுக்கு உப்புத்தண்ணி ஊத்துவாங்களா? ஏன் அங்க ஊத்தறீங்க?"

"பின்ன எங்க ஊத்தறது? கால் படாத எடத்துல ஊத்தோணும். வீட்டச் சுத்திச் சிமென்ட்டு. ரோட்டுல ஊத்துனா ஆராச்சும் மிதிப்பாங்க, அந்தப் பாவம் நமக்கெதுக்கு? முள்ளுக்குள்ள ஒருத்தனும் கால் வெக்க மாட்டான்."

யாருக்கும் கெடுதல் வரக் கூடாது என்று தேடித் தேடி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காக அவ்வளவு யோசித்த மனம், மருமகளை ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில் தள்ளும்போது யோசிக்கவில்லை. எனக்குப் பொறுக்காதது இதுதான். கெட்டவர்கள் கொடுமை செய்தால் அடையாளம் கண்டு சண்டை போடலாம். நல்லவர்கள் கையில் ஒரு மூடப்பழக்கம் சிக்கினால் அது கண்ணீரோடும் கனிவோடும் கழுத்தை நெரிக்கிறது.

"செடியைக் கொன்னது என் கை இல்ல, உங்க உப்பு" என்று ரூபா மேலிருந்து கத்தினாள். உமாதேவி நம்பவில்லை. உப்பு லட்சுமி, லட்சுமி செடியைக் கொல்லுமா என்று கேட்டார்.

கத்தினால் ஆகாது என்று ரூபாவுக்குப் புரிந்தது. பரிசோதனைக்கூடத்தில் ஒரு சோதனை முடிவு சந்தேகமாக இருந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தாள். பசவராஜிடமிருந்து ஒரே வயதுள்ள மூன்று பன்னீர் ரோஜாக்களைத் தொட்டியோடு வாங்கி வந்து மாடியில் வெயிலில் வைத்தாள். முதல் தொட்டிக்கு அவள் தண்ணீர் விடுவாள், அந்த மூன்று நாளிலும் தொடுவாள், இலை கிள்ளுவாள். இரண்டாவது உமாதேவியுடையது, ரூபாவின் நிழல்கூட விழாது, செவ்வாயும் வெள்ளியும் திருஷ்டி உப்பு அதற்குத்தான். மூன்றாவதையும் உமாதேவியே பார்த்துக்கொள்வார், வெறும் தண்ணீர் மட்டும்.

"சரி புள்ளே, பாத்துரலாம்" என்றார் உமாதேவி. தன் செடிதான் நிற்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "நீ தோத்தா?"

"வாயை மூடிக்கிட்டு மாடியில இருக்கேன்."

இரண்டாவது தொட்டி முதலில் அசையாமல் நின்றது. உமாதேவி அதைப் பார்த்துவிட்டு வந்து மருமகளுக்குக் கூடுதலாக நெய் ஊற்றினார், தோற்கப் போகிற பெண்ணுக்கு ஆறுதல் போல. பிறகு இலை ஓரம் பழுப்பாயிற்று. அவர் உப்பைக் கூட்டினார். மொட்டு கருகியது. அதே வாரத்தில் முதல் தொட்டியில், ரூபா தொட்டுத் தொட்டு வளர்த்ததில், கலைந்த இதழ்களோடு இரண்டு பூ மலர்ந்தது. மூன்றாவதிலும் மொட்டு.

அன்று காலை ரூபா மாடிக்குப் போனபோது உமாதேவி இரண்டாவது தொட்டியின் முன் குந்தியிருந்தார். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் சுரண்டினார். நாக்கில் வைத்தார். முகம் அப்படியே நின்றுவிட்டது. எழுந்து படியிறங்கிக் கீழே ரோஜாப் பாத்திக்குப் போய், செத்த குச்சிகளுக்கு அடியில் இருந்த மண்ணையும் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

ரூபா பக்கத்தில் போய் நின்றாள்.

"நானே கொன்னுபோட்டு உம்மேல பழி போட்டனே, புள்ளே. அந்தக் கோட்டுப் போட்ட டாக்டரு?"

"டாக்டர் இல்ல அத்தே. வெறும் கோட்டு."

சாயங்காலம் தருண்குமார் வந்ததும் மூன்று தொட்டிகளையும் காட்டி உமாதேவியே எல்லாவற்றையும் சொன்னார். அவன் குனிந்து பார்த்து, "ஓகே, ஓகே" என்றான். கடைக்குப் போய்வந்தவன் போலச் சாப்பிட உட்கார்ந்தான்.

ரூபா முடிந்தது என்று நினைத்தாள். கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கண்ணெதிரே நிரூபணமான பிறகு எது மிச்சம் இருக்க முடியும்?

அடுத்த மாதம் விலக்கான அன்று காலையில் கணவனிடம் மாத்திரை வாங்கி வரச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். இருட்டி வீடு திரும்பினால் படிக்கட்டின் அடியில் பாய் சுருட்டி வைத்திருந்தது. அதன் மேல் தட்டு. தட்டின் மேல் தம்ளர்.

ரூபா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

"அத்தே, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? இன்னும் எத்தனை தொட்டி வெக்கணும்?"

உமாதேவி அடுப்படியிலிருந்து வந்தார். பாயைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். "நான் வெக்கல" என்றார்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். இருவரும் திரும்பினார்கள். தருண்குமார் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தான்.

"நான்தான் வெச்சேன். அதுக்கென்ன இப்போ?"

"செடி எதனால செத்துச்சுன்னு நீயே பாத்தியே!" என்றாள் ரூபா.

"செடி மேட்டர் வேற, இது வேற. பழக்கம்னு ஒண்ணு வந்தாச்சு. சொந்தக்காரங்களுக்கெல்லாம் தெரியும், நம்ம வீட்ல இதெல்லாம் கரெக்டா பாக்கறோம்னு எல்லாரும் பெருமையா பேசறாங்க. அம்மா மனசு நோகக் கூடாதுன்னுதான்."

"எம் மனசா?" என்றார் உமாதேவி.

"நீதானேம்மா அழுதே?"

"அழுதேன். தெரியாம அழுதேன். நீ எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு வெச்சிருக்கியே, நீ ஆருக்காக வெச்சே?"

அவன் மறுபடி டி.வி. பக்கம் திரும்பினான். அதுதான் ரூபாவை எல்லாவற்றையும்விட அதிரவைத்தது. நம்பியிருந்தால்கூட மன்னிக்கலாம். அவன் அந்த வீடியோவை எந்த நாளும் நம்பியிருக்கவில்லை. மாடியில் மனைவி ஒதுங்கி இருப்பதில் ஊருக்கு ஒரு பெருமை கிடைத்தது, அவனுக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

"நானு மேலே ஹோகல்ல" என்றாள் ரூபா, கன்னடத்தில். பிறகு தமிழில், மெதுவாக: "இன்னிக்கு மட்டும் இல்ல. எப்பவும் போக மாட்டேன். அது முடியாதுன்னா சொல்லு, எங்கம்மா வீட்டுக்கு பஸ் இருக்கு."

தருண்குமார் அம்மாவைப் பார்த்தான். வழக்கமாக இந்த இடத்தில் அம்மா அவன் பக்கம் பேசுவார்.

"கால் கழுவிட்டு வா கண்ணு, சோறு ஆறுது" என்றார் உமாதேவி மருமகளிடம். மகனிடம் திரும்பி, "அந்தத் தட்டயும் தம்ளரையும் எடுத்துக் குடு. தேச்சுட்டு அவளுக்கு அதுலயே போடோணும்" என்றார்.

பூஜை அறைக் கதவு மட்டும் அந்த மூன்று நாளும் சாத்தியே இருந்தது. அதை உமாதேவியால் திறக்க முடியவில்லை. ரூபா கேட்கவும் இல்லை. ஆனால் அன்று அவள் மின்விசிறியின் கீழ், மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பாட்டுக்கு நடுவில், பாத்தி மண்ணை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டியெடுத்துப் புது மண் போட வேண்டும் என்று பசவராஜைக் கேட்கச் சொன்னார் உமாதேவி. படிக்கட்டின் அடியில் தருண்குமார் பாயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். அதை எங்கே வைப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.